மணலில் மீன்முள் கோடு

ஆகஸ்ட் மாதத்துக் கல்லறை ஞாயிறு வந்துவிட்டால் லாட்வியாவின் ஒஸோல்கல்னி கிராமத்தில் வீட்டில் தங்குகிறவர் யாரும் கிடையாது. ரீகாவுக்கு வேலைக்குப் போனவர்கள்கூட முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுவார்கள். பைன் மரங்கள் நிற்கும் மேட்டுக்குப் போய், அவரவர் குடும்பத்துக் கல்லறைப் பக்கத்தில் அவரவர் நிற்க வேண்டும். பாதிரியாரை வரவிடாமல் செய்து, ‘நினைவு நாள்’ என்று பெயரையும் மாற்றி, சொற்பொழிவாற்ற ஓர் அதிகாரியையும் அனுப்பிப் பார்த்தது கம்யூனிஸ்ட் அரசாங்கம். அவர் பாட்டுக்குப் பேசினார். சனம் பாட்டுக்குத் தன் வீட்டுக் கல்லறை மேட்டருகே நின்றது.

ஆனால் பசுவுக்கு ஞாயிறு தெரியுமா, கல்லறை தெரியுமா? பால் வரத்தான் செய்யும். கூட்டுப்பண்ணையின் பால் நிலையத்தில் அன்றைக்கு யார் வேலைக்கு நிற்பது என்று ஒரு தடவைகூடப் பேச்சு எழுந்ததில்லை. ஸெல்மா நிற்பாள். ஆகஸ்ட் பிறந்ததும் நிலையத்துப் பொறுப்பாளர் பெர்த்தா, “அந்த ஞாயிறு நீதானே?” என்று பேச்சுக்கு ஒரு வார்த்தை கேட்பார். ஸெல்மா தலையை ஆட்டுவாள். அதோடு சரி.

சினிமாக்காரர்கள் ஊருக்கு வந்த வருடம் ஸெல்மாவுக்கு நாற்பத்திரண்டு வயது. நல்ல உயரம், அகன்ற முதுகு. ஆண்கள் இரண்டு பேர் பிடித்துத் தூக்கும் பால் கேனை ஒற்றை ஆளாக லாரியில் ஏற்றிவிட்டு, கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு போய்விடுவாள். கல்யாணம் ஆகவில்லை. கேட்டால், “வந்தவன் எல்லாம் என் கையைப் பாத்துட்டு ஓடிட்டான்” என்பாள். பழைய தானியக் கிடங்கின் மாடியில் ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும் அவளுக்கு. வாசலில் கொஞ்சம் மணல் தரை. சனிக்கிழமைதோறும் அதை மரப்பல் வைத்த நீளக் கம்பால், பல்வாரி என்பார்களே, அதால் வாரிவிடுவாள். சனிக்கிழமை வாசலை வாராத வீடு இந்தப் பக்கத்தில் வீடே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லறை ஞாயிறன்று அவள் போகாததற்குக் காரணம், அவளுக்கு அங்கே நிற்க இடமில்லை. அப்பா போரில் எந்த மண்ணில் விழுந்தார் என்றே தெரியாது. அம்மா க்ரியெட்டா சைபீரியாவில் கிடக்கிறாள். நாற்பத்தொன்பதாம் வருடம் மார்ச் மாதத்தில், நன்றாகப் பிழைத்த வீடுகளாகப் பார்த்து ஆட்களை ரயிலில் ஏற்றினார்களே, அதில் தாயும் மகளும் போனார்கள். ஸெல்மாவுக்கு அப்போது பத்தொன்பது. யெனிசெய் ஆற்றங்கரையில் ஒரு மரம் வெட்டும் கிராமத்தில் ஏழு வருடம் கட்டை இழுத்தாள். ஊரில் யாரும் அந்த இடத்தின் பெயரைச் சொல்வதில்லை. ‘அங்கே’ என்பார்கள். “அவங்க அங்கே போயிருந்தவங்க” என்றால் எல்லோருக்கும் புரிந்துவிடும்.

அங்கேயும் க்ரியெட்டா சனிக்கிழமையை விடவில்லை. தானே மரத்தைச் செதுக்கி ஒரு பல்வாரி செய்துகொண்டு, பலகைக் கொட்டகையின் வாசலில் ஆற்று மணலைக் கொட்டி வாரினாள். நேர்க்கோடு அல்ல, மீன்முள் போலச் சாய்வாக இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. மூலைக்கு வந்ததும் மீன் வாலை மடக்குவது போல ஒரு திருப்பு. தின்னவே ஒழுங்காக ரொட்டி இல்லாத இடத்தில் தரைக்குத் தலைவாரிவிடும் பைத்தியம் என்று அந்த ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். நாலாவது குளிர்காலத்தில் க்ரியெட்டா போய்விட்டாள். களிமண்ணில் புதைத்து, லார்ச் மரத்தில் ஒரு சிலுவை நட்டார்கள்.

ஐம்பத்தாறில் விடுதலைக் காகிதம் வந்தது. ஸெல்மாவோடு ஒரே கொட்டகையில் இருந்தவள் லியொன்டீனே. அவளும் ஒஸோல்கல்னிக்காரிதான், இரண்டு வயது இளையவள். ஆனால் அவள் அதற்குள் ஸ்தெபான் என்ற டிராக்டர்காரனுக்கு மனதைக் கொடுத்துவிட்டாள். கிளம்பவில்லை. அவளுக்கு ஊரில் சொந்தம் என்று மிச்சமிருந்தது அப்பாவின் கல்லறை ஒன்றுதான். படகுத்துறையில் இருவரும் பேசி முடித்துக்கொண்டார்கள்.

“உங்கம்மாவை நான் பாத்துக்கறேன்” என்றாள் லியொன்டீனே.

“உங்கப்பாவை நான் பாத்துக்கறேன்” என்றாள் ஸெல்மா. கையில் அடித்து வாக்குக் கொடுத்துக்கொண்டார்கள்.

ஸெல்மா சொன்ன சொல் தவறவில்லை. பனி உருகியதும் ஒரு தடவை, கோடையில் இரண்டு மூன்று தடவை, கல்லறை ஞாயிறுக்கு முந்தைய நாள் கட்டாயம். களை பிடுங்கி, புது மணல் போட்டு, அம்மா போலவே மீன்முள் கோடு வாரிவிட்டு வருவாள். லியொன்டீனேயிடமிருந்து வருடப் பிறப்புக்கு அட்டை வரும். பிள்ளை பிறந்தது, பசு வாங்கியது, அடுப்பு மாற்றிக் கட்டியது எல்லாம் அதில் இருக்கும். “அம்மா எப்படி இருக்கா?” என்று ஸெல்மா எழுதிக் கேட்டதற்கு மட்டும் பதில் இருக்காது. பிறகு, வட்டார நகரத்துக்குக் குடிபோய்விட்டோம் என்று ஓர் அட்டை. பிறகு அதுவும் நின்றது.

ஸெல்மாவுக்குப் புரிந்துவிட்டது. அம்மாவின் பக்கத்தில் யாரும் இல்லை. அவள் மேல் புல் மண்டிக் கிடக்கிறது. இந்த நினைப்பு அவளை உள்ளுக்குள் அரித்தது. பகலில் கேன்களைக் கழுவும்போது அரித்தது, சாப்பிட உட்கார்ந்தால் அரித்தது. ஒருநாள் பெர்த்தா, “அவ உங்கம்மாவை விட்டுட்டா. நீ மட்டும் எதுக்கு அவ அப்பனுக்கு மணல் சுமக்கறே?” என்று கேட்டார். “வாக்குக் குடுத்தது நான். அந்த மனுஷன் என்ன செஞ்சாரு பாவம்?” என்றாள் ஸெல்மா. ஆனால் ஞாயிறன்று, அடுத்தவள் அப்பாவின் மேட்டருகே தன் வீட்டு மேடு போலப் போய் நிற்க மட்டும் அவளால் முடியவில்லை. அதற்குப் பால் கேனே மேல்.

சினிமாக்காரர்கள் வந்தது அப்படிப்பட்ட ஒரு ஜூலையில். ஏழெட்டு லாரி, ஒரு பஸ், பெட்டி பெட்டியாக வாள்கள். ஜெர்மன் பிரபுக்கள் ஊரை ஆண்ட காலத்துக் கதை. பண்ணையடிமையின் மகன் ஒருவன் கப்பலேறி ஓடிப்போய், பதினைந்து வருடம் கழித்துத் திரும்பி வந்து, பிரபுவை ஒரு கை பார்க்கிறான். குதிரைச் சவாரி, வாள் சண்டை, பாலத்திலிருந்து ஆற்றில் குதிப்பது, எதற்கும் குறைவில்லை. படம் முழுக்க லாட்விய மொழியில். மற்ற ஊர்களுக்காக ரஷ்யக் குரல் பிறகு சேர்ப்பார்களாம்.

ஊரே தலைகால் புரியாமல் ஆடியது. கூட்டுப்பண்ணைத் தலைவரின் குதிரைக்குப் பிரபுவின் குதிரை வேடம் கிடைத்ததில் தலைவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார். பால் நிலையத்துப் பெண்களுக்கு அரண்மனைத் துணி துவைக்கும் பெண்கள் வேடம். நாள் முழுக்க ஆற்றில் நின்று ஒரே படுக்கை விரிப்பை அடித்துத் துவைத்தார்கள். “வீட்ல துவைச்சா திட்டு விழுது, இங்க துவைச்சா படம் புடிக்கறாங்க” என்று சிரித்துக்கொண்டார்கள்.

வம்பு ஒரு கல்லறையால் வந்தது. கதாநாயகன் திரும்பி வந்து தாயின் கல்லறையைத் தேடுகிறான். அது கேட்பாரற்றுப் புதர் மண்டிக் கிடக்கிறது. அதைப் பார்த்து அவன் ரத்தம் கொதித்து, பழிவாங்குவதாகச் சபதம் செய்ய வேண்டும். ஆற்றங்கரை மேட்டில், பால் நிலையத்துக்குப் போகும் பாதையை ஒட்டி, மணலைக் குவித்து ஒரு மேடு போட்டார்கள். பெயர் இல்லாத ஒரு கோணல் சிலுவை. பன்றிக் கொட்டிலின் பின்னாலிருந்து காஞ்சொறியும் முட்செடியும் வேரோடு தோண்டி வந்து நட்டு, வாடாமல் தண்ணீரும் ஊற்றினார்கள். பொருள்களுக்குப் பொறுப்பான ஹரால்ட்ஸ் என்ற வழுக்கைத் தலை மனிதருக்கு இரண்டு கையும் வெந்துபோயின.

காஞ்சொறிக்கு ஆள் வைத்துத் தண்ணீர் ஊற்றுவதை ஊர்ப் பெண்கள் பார்த்தார்கள். அவர்களுக்கு உடம்பெல்லாம் கூசியது. கல்லறை மேல் களையைப் பார்த்துவிட்டு சும்மா போவதென்பது இந்தச் சனத்துக்கு ஆகாத காரியம். அது யாருடைய கல்லறையாக இருந்தால் என்ன? முதல் நாள் படம் பிடிக்க விளக்கு சரிசெய்துகொண்டிருந்தார்கள். மேட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் பேச்சு சுவாரஸ்யத்தில் ஆளுக்கு நாலு களையாகப் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். தெரிந்து செய்ததல்ல, கை தானாகப் போயிற்று. டைரக்டர் எவால்ட்ஸ் திரும்பிப் பார்த்தபோது பாதி மேடு மொட்டை. கத்தினார். யார் பிடுங்கியது என்று தேடினால், அவருடைய ஒப்பனைக்காரியின் மடியிலேயே ஒரு முட்செடி கிடந்தது. அவளும் ரீகாக்காரிதான், ஆனால் லாட்வியக்காரி ஆயிற்றே.

மறுபடியும் தோண்டி நட்டார்கள். பெண்களை ஐம்பதடி தள்ளி உட்காரவைத்தார்கள். அன்றைக்குப் பார்த்து மழை. படம் பிடிக்கவில்லை. மறுநாள் காலை வந்து பார்த்தால் மேடு பளிச்சென்று இருக்கிறது. ஒரு களை இல்லை. மணல் முழுக்க மீன்முள் கோடு. மூலையில் அழகாக ஒரு திருப்பு. வந்தவள் காலடி ஒன்றுகூட இல்லை. இருக்காது. கல்லறை மணலை வாருகிறவர்கள் பின்பக்கமாக நடந்துகொண்டேதான் வாரி வெளியே வருவார்கள். தன் காலடியைத் தானே அழித்துக்கொண்டு வருவதுதான் முறை.

“கைல கெடச்சா அவளை நான் என்ன செய்வேன்னே தெரியாது” என்று எவால்ட்ஸ் கறுவினார். மூன்றாம் தடவையாக நட்டுவிட்டு, ஹரால்ட்ஸைப் பஸ்ஸில் காவல் வைத்தார்.

ஜூலை மாதம், நாலு மணிக்கே நல்ல வெளிச்சம். ஹரால்ட்ஸ் தெர்மாஸிலிருந்து காப்பியை ஊற்றிக்கொண்டிருக்கையில், பால் நிலையத்துக் கைவண்டி ஒன்று மேட்டருகே நின்றது. ஸெல்மா காலி கேன்களுக்கு நடுவிலிருந்து பல்வாரியை உருவினாள். தடித்த உறை போட்டுக்கொண்டு காஞ்சொறியை ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஓரமாகப் போட்டாள். வாரத் தொடங்கியபோது ஹரால்ட்ஸ் வந்து நின்றார். கையும் களவுமாக அகப்பட்டும் அவள் பதறவில்லை.

“என்னங்க இது? இந்தச் செடியைக் கொண்டாந்து கொண்டாந்து என் ரெண்டு கையும் வெந்து கெடக்கு” என்றார் ஹரால்ட்ஸ்.

“வெறுங்கையோடவா புடுங்கினீங்க? உறை போட்டுக்கிட்டா என்னவாம்?”

“இதுக்குள்ள யாரும் இல்லீங்க. ஒரு மூட்டை மரத்தூள்தான் இருக்கு. நானே போட்டேன்.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

ஸெல்மா பல்வாரியை ஊன்றிக்கொண்டு நின்றாள். எதையும் யாரிடமும் சொல்லிப் பழகாதவள். என்னவோ அன்றைக்கு முன்பின் தெரியாத அந்த வழுக்கைத் தலை மனிதரிடம் வாய் திறந்துவிட்டாள்.

“எங்கம்மா அங்கே கெடக்கா” என்று மோவாயால் கிழக்கே காட்டினாள். “அவ மேல மொளைக்கற புல்லைப் புடுங்க நாதியில்லை. இங்க ஒண்ணு கெடக்கு, பேரும் இல்லாம ஊரும் இல்லாம. தினம் இதைத் தாண்டித்தான் வேலைக்குப் போறேன். மரத்தூளோ மண்ணோ, பாத்துட்டுப் போக முடியலீங்க. அவ்வளவுதான். போய்ச் சொல்லுங்க, நான்தான்னு.”

‘அங்கே’ என்றால் எங்கே என்று ஹரால்ட்ஸ் கேட்கவில்லை. அவர் வயதுக்காரர்கள் யாரும் கேட்க மாட்டார்கள். கையிலிருந்த காப்பி ஆறும்வரை மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“முடிச்சுட்டுப் போங்க. பாதியில விட்டா அசிங்கமா இருக்கும்” என்றார் கடைசியில்.

எட்டு மணிக்கு எவால்ட்ஸ் வந்தார். மேட்டைப் பார்த்தார். காவல் இருந்தவரைப் பார்த்தார். அசந்து தூங்கிவிட்டதாக ஹரால்ட்ஸ் கூசாமல் ஒரு பொய்யைச் சொன்னார். அதற்குப் பிறகு எவால்ட்ஸ் வாயிலிருந்து வந்ததை இங்கே எழுத முடியாது. கதாநாயகனாக நடித்தவர் ரீகாவில் நாடக நடிகர். அன்று மாலை மேடையில் நின்றாக வேண்டும், மதியம் கிளம்பிவிடுவார். அடுத்த நாள் லாரிகளே கிளம்புகின்றன. சுற்றுவட்டாரப் பன்றிக் கொட்டில் எதன் பின்னாலும் தோண்டக் காஞ்சொறி மிச்சமில்லை.

“ஒரு பாழடைஞ்ச கல்லறையைப் படம் புடிக்க இந்த நாட்டுல வழியே இல்லை” என்று சொல்லிவிட்டு எவால்ட்ஸ் புல்லில் உட்கார்ந்துவிட்டார். யாரோ காப்பி கொடுத்தார்கள். குடித்தார். வாரிய மணலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோபம் கொஞ்சம் இறங்கியது.

“சரி, தொலையட்டும். யாரோ பாத்துக்கறாங்கன்னு வெச்சுக்குவோம். அவன் வர்றான், பாக்கறான், அம்மா கல்லறையை எவளோ வாரிக்கிட்டிருக்கா. துணி துவைக்கற வேஷத்துல யாரு இருக்கா?”

ஹரால்ட்ஸின் வெந்த விரல் நேராக ஸெல்மாவைக் காட்டியது.

வேடத்துப் பாவாடையும் தலைத்துணியுமாக அவளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கேமரா பக்கம் திரும்பிவிடாதே என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். “பின்னால நடந்து வர்றவ எதுக்குத் திரும்பப் போறா?” என்றாள் அவள். வாரியதைக் காலால் கலைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள். இரண்டு கோடு போட்டதும் கேமராவும் மறந்தது, ஆட்களும் மறந்தார்கள். கொட்டகை வாசலில் குனிந்து வாரிய அம்மா மட்டும்தான் ஞாபகத்தில் நின்றாள். ஆனால் கை நிற்கவில்லை. மூலையில் வால் மடக்கி, காலடியை அழித்தபடி பின்பக்கமாக வெளியே வந்தாள். குதிரைமேல் இருந்தவர் அந்த இடத்தில் நீளமாக ஒரு சபதம் பேச வேண்டும். பேசவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். வசனம் மறந்துவிட்டது என்று பிறகு சொன்னார். எவால்ட்ஸ் மறுபடியும் எடுக்கச் சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே சிலுவையைப் பிடுங்கி லாரியில் போட்டார்கள். மணலைக் கூட்டுப்பண்ணைக் கொத்தனார்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். வெறும் மணல்தானே, மரத்தூள் மூட்டைதானே என்று ஸெல்மா தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சொல்லி என்ன பயன்? இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அம்மாவை இன்னொரு தடவை விட்டுவிட்டு வந்தது போலிருந்தது. அந்த ஆகஸ்டில் பெர்த்தா வழக்கம்போலக் கேட்டார், அவளும் வழக்கம்போலத் தலையை ஆட்டினாள்.

குளிர்காலத்தில் படம் ஊருக்கு வந்தது. கலாசார மன்றத்தில் நிற்க இடமில்லை. திரையில் என்ன கதை நடக்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. “அதோ நான்”, “அதோ நம்ம வேலி”, “அது தலைவரோட குதிரை” என்று ஒரே இரைச்சல். கல்லறைக் கட்டம் வந்தபோது மட்டும் கூட்டம் அடங்கியது. பேச்சில்லை, பாட்டில்லை. மணலில் பல்வாரி இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது. சீக்கிரம் முடிந்துவிட்டது. ஸெல்மாவின் முகம் ஓர் இடத்திலும் தெரியவில்லை.

வெளியே வந்ததும் பெர்த்தா பிடித்துக்கொண்டார். “ஊர்ல எல்லாரும் மூஞ்சியைக் காட்டினோம். நீ ஒருத்திதான் நாட்டுக்கே முதுகைக் காட்டிட்டே.” அந்தக் கேலி வசந்தம் வரைக்கும் ஓடியது. ஸெல்மாவும் சிரித்துவைத்தாள். அந்தக் கட்டத்தில் தன் மனம் எங்கே இருந்தது என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த ஆகஸ்ட். கல்லறை ஞாயிறுக்கு முந்தைய சனிக்கிழமை. காலையில் வேலைக்கு முன்பே ஸெல்மா பைன் மேட்டுக்குப் போய் லியொன்டீனேயின் அப்பாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு வந்திருந்தாள். மதியம் பால் நிலையத்து வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். தடித்த உடம்பு, ரஷ்யப் பெண்கள் கட்டுவது போலத் தலைத்துணி, கையில் ஓர் அட்டைப் பெட்டி.

“ஸெல்மா” என்றாள்.

பதினேழு வருடம் கழித்தும் குரல் மாறவில்லை. ஸெல்மா கேனைக் கீழே வைத்தாள். ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை. கையையும் நீட்டவில்லை. “வா, பசியா இருப்பே” என்று மட்டும் சொல்லி மாடிக்குக் கூட்டிப்போனாள். புது உருளைக்கிழங்கை அவித்து, சதகுப்பைக் கீரை தூவி, புளித்த பாலேட்டோடு வைத்தாள். சீரகம் போட்ட பாலாடைக்கட்டியையும் வெட்டி வைத்தாள். விருந்தாளிக்கு வைக்க வேண்டியதெல்லாம் வைத்தாள், பேச்சை மட்டும் வைக்கவில்லை. லியொன்டீனே முள்கரண்டியைத் தொடவில்லை.

“பனி உருகின கையோட எங்க ஊருக்கு ஒரு படம் வந்துச்சு” என்று தொடங்கினாள். அவள் பேச்சில் ரஷ்ய இழுப்பு ஏறியிருந்தது, தேடித் தேடிப் பேசினாள். “நம்ம பக்கத்துப் படம்னாங்க. ஸ்தெபானையும் இழுத்துக்கிட்டுப் போனேன். எல்லாரும் ரஷ்யன்லதான் பேசறாங்க. சும்மா பைன் மரத்தையாவது பாக்கலாம்னு உக்காந்திருந்தேன். அப்பத்தான் நீ வந்தே.”

“என் மூஞ்சியே அதுல தெரியாதே.”

“மூஞ்சி எதுக்கு? ஏழு வருஷம் உன் பின்னாலதானே கட்டை இழுத்தேன். உன் முதுகு எனக்குத் தெரியாதா?”

ஸெல்மா எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“முதல்ல உன் முதுகைத்தான் பாத்தேன்” என்றாள் லியொன்டீனே. “அப்பறம் அந்தக் கோட்டைப் பாத்தேன். மூலையில திருப்பு. உங்கம்மா கொட்டகை வாசல்ல போடற அதே திருப்பு. நீ எனக்குக் காட்டத்தான் வாரறேன்னு தோணிச்சு. நீ கேட்டுக் கேட்டு எழுதினே. நான் போகவே இல்லையே, என்னன்னு பதில் எழுதறது? அடுத்த மாசம் போலாம், அடுத்த வருஷம் போலாம்னு இருந்தே போச்சு. வெக்கத்துல அட்டை போடறதையும் விட்டுட்டேன்.”

மறுநாள் காலையிலேயே படகு ஏறியிருக்கிறாள். பழைய கிராமத்தில் இப்போது பாதி வீடுகள் காலியாம். கல்லறைக் காட்டில் பிர்ச் மரக் கன்றுகள் ஆள் உயரத்துக்கு நின்றன. தேடித் தேடி லார்ச் சிலுவையைக் கண்டுபிடித்திருக்கிறாள், சாய்ந்திருந்தது, உளுத்துப்போகவில்லை. கன்றுகளை வெட்டி, களையை வேரோடு எடுத்து, அந்தக் களிமண்ணில் கோடு நிற்காது என்பதால் ஆற்றிலிருந்து வாளி வாளியாக மணல் சுமந்து போட்டு வாரியிருக்கிறாள். பல்வாரி இல்லாமல் ஸ்தெபானைச் செதுக்கித் தரச் சொல்லியிருக்கிறாள். அவன் திட்டிக்கொண்டே செதுக்கினானாம். அதற்குப் பிறகு மாதம் ஒரு தடவை போகிறாளாம்.

“இதை அட்டையில எழுதினா நீ நம்ப மாட்டேன்னு நேர்ல வந்தேன்” என்று முடித்தாள். “திட்டறதுன்னா திட்டிடு.”

ஸெல்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“காலடி விடாம வந்தியா?”

“என்னை என்னன்னு நெனச்சே? பின்னால நடந்துதான் வந்தேன்.”

ஸெல்மா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அம்மாவைப் புதைத்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. லியொன்டீனே எழுந்து வந்து அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். உருளைக்கிழங்கு ஆறிப்போயிற்று.

கொஞ்ச நேரம் கழித்து லியொன்டீனே தயங்கித் தயங்கி, ஒரு பல்வாரி இரவல் தர முடியுமா என்று கேட்டாள். அப்பாவைப் பார்த்துவிட்டு வர வேண்டும். தான் வாக்கை விட்ட பிறகு ஸெல்மாவும் எப்போதோ விட்டிருப்பாள், அதுதானே நியாயம் என்று அவள் நினைத்திருந்தாள். அப்பா மேல் புதர் மண்டியிருக்கும், நாளைக்கு ஊர் பார்ப்பதற்குள் கொஞ்சமாவது சுத்தம் செய்யலாம் என்று வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். ஸெல்மா பல்வாரியை எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

பைன் மேட்டில் ஊரே நாளைக்காக வாரிக்கொண்டிருந்தது. லியொன்டீனேவுக்கு இடம் மறக்கவில்லை, நேராகப் போனாள். போய், வேலியோரம் அப்படியே நின்றுவிட்டாள். அப்பாவின் கல் துடைத்திருந்தது. இரண்டு பக்கமும் பெகோனியாப் பூச்செடி. மணல் முழுக்க மீன்முள் கோடு, மூலையில் திருப்பு. பதினேழு வருடமாக ஒரு தடவையும் தவறாமல் யாரோ வந்து போகிற இடம் என்று பார்த்ததும் தெரிந்தது.

உள்ளே போக ஒரு காலைத் தூக்கினாள். வைக்க மனம் வரவில்லை. தூக்கிய காலைத் திரும்ப எடுத்துக்கொண்டு, வேலியைப் பிடித்தபடி ஸெல்மாவைப் பார்த்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

“மிதி, பரவாயில்லை” என்றாள் ஸெல்மா. “மறுபடி வாரிக்கலாம், நாம ரெண்டு பேரும் இருக்கோமே.”

அன்று மாலையே ஸெல்மா பெர்த்தாவின் வீட்டுக்குப் போனாள். நாளைக்குப் பாலுக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். பெர்த்தா ஏன் என்று கேட்கவில்லை. தானே நிற்பதாகச் சொன்னார்.